பல வண்ணப் புறக்கோடுகள்: மதுரை ஃபிளக்ஸ் வடிவமைப்பாளர்களின் எழுத்துத் தொழில்

தமிழ்நாட்டின் சாலையோரங்களில் நிற்கும் ஃபிளக்ஸ் பதாகைகளில் பெயர்கள் பெரும்பாலும் ஒற்றை நிறத்தில் எழுதப்படுவதில்லை. மஞ்சள் எழுத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடும், அதைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடும், அதற்கும் வெளியே கறுப்பிலோ கருநீலத்திலோ இன்னொரு கோடுமாக மூன்று அடுக்குகளையேனும் காணலாம். எழுத்தின் விளிம்பை ஒட்டி அதே வடிவில் ஓடும் இக்கோட்டினைப் புறக்கோடு எனலாம். தொழிலில் இருப்போர் அவுட்லைன் என்றும், ஃபோட்டோஷாப் மென்பொருளில் அதற்குள்ள பெயரைக் கொண்டு ஸ்ட்ரோக் என்றும் சொல்வர். இதைப் பாமர ரசனையின் அடையாளமாகக் கருதி ஒதுக்கும் போக்கு வரைகலை கற்றோரிடம் உண்டு. ஆனால் மதுரையின் டிசைன் கடைகளில் இவ்வேலை நடக்கும் முறையை நேரில் பார்ப்போருக்கு, அது தமிழ் எழுத்தின் வடிவத்தையும் அச்சின் இயல்பையும் கண்ணால் அளந்து செய்யப்படும் கைவினை என்பது விளங்கும்.

பதாகையின் பின்புலம் வெறுமையாக இருப்பது அரிது. காதணி விழாவானாலும் கட்சி மாநாடானாலும், தலைவர் படம், குடும்பத்தார் படங்கள், கோபுரம், பூமாலை, ஒளிக்கதிர் என எல்லாம் நிறைந்த பரப்பின் மீதுதான் பெயர் அமர வேண்டியிருக்கிறது. அப்பரப்பில் வெளிர் நிறமும் அடர் நிறமும் மாறி மாறி வருவதால், மஞ்சள் எழுத்து ஓரிடத்தில் பளிச்சென்று தெரிந்து மற்றோரிடத்தில் பின்புலத்தோடு கலந்துவிடும். ஒரே ஒரு கறுப்புப் புறக்கோடு இட்டாலும் கறுப்பான இடங்களில் அது மறைந்து எழுத்து மெலிந்து தோன்றும். அடர்ந்த கோட்டை அடுத்து வெளிர்ந்த கோடும், அதனை அடுத்து மீண்டும் அடர்ந்த கோடும் வரும்போது, பின்புலம் எதுவானாலும் ஏதேனும் ஒரு விளிம்பு அதிலிருந்து பிரிந்து நிற்கும். அடுக்குப் புறக்கோட்டின் அடிப்படைப் பயன் இதுவே. அழகு அதற்குப் பின் வருவது. வாடிக்கையாளர் இதை வேறு சொல்லில் கேட்கிறார். "அண்ணே, பேரு நல்லா தூக்கலாத் தெரியணும்" என்று அவர் சொல்வதும், "தெரியும் தம்பி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாருங்க" என்று மூத்த வடிவமைப்பாளர் மறுமொழி தருவதும் இக்கடைகளில் நாள்தோறும் கேட்கும் பேச்சு.

ஃபோட்டோஷாப்பில் ஓர் எழுத்து லேயரை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் கண்ணாடித்தாள் ஒத்த பரப்புகளில் ஒன்றை, இருமுறை சொடுக்கினால் லேயர் ஸ்டைல் பெட்டி திறக்கும். அதில் ஸ்ட்ரோக் என்னும் வசதி கோட்டின் அகலத்தையும், நிறத்தையும், அது எழுத்தின் விளிம்புக்கு வெளியேயா உள்ளேயா நடுவிலா என்னும் இருப்பிடத்தையும் கேட்கிறது. 2015ஆம் ஆண்டுப் பதிப்பு வரும்வரை ஒரு லேயருக்கு ஒரு ஸ்ட்ரோக் மட்டுமே இட முடிந்தது. அப்பதிப்பில் ஸ்ட்ரோக் என்ற சொல்லுக்கு அருகே ஒரு கூட்டல் குறி சேர்க்கப்பட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல கோடுகளை இட வழி பிறந்தது. அதற்கு முன்பு எழுத்து லேயரைப் படியெடுத்து, அடியிலுள்ள படிக்கு மேலும் அகன்ற கோட்டினைத் தந்து, மூன்று கோட்டுக்கு மூன்று படிகளை அடுக்கினர். பெயரில் ஓர் எழுத்துப் பிழை வந்தால் மூன்று இடங்களில் திருத்த வேண்டியிருந்தது. பழைய பதிப்புகள் ஓடும் கணினிகளில் இன்றும் இதுவே வழி. கோரல்டிரா பயன்படுத்துவோர் காண்டூர் என்னும் கருவியால் விளிம்புக்கு இணையான வளைவுகளைப் பெற்று, அவற்றைத் தனித்தனியே பிரித்து நிறமிடுகின்றனர்.

புதிதாகத் தொழிலுக்கு வருவோர் முதலில் இடறும் இடம் அகலக் கணக்கு. ஒவ்வொரு கோட்டின் அகலமும் முந்தைய கோட்டிலிருந்து அளக்கப்படுவதில்லை. எழுத்தின் விளிம்பிலிருந்தே அளக்கப்படுகிறது. முதற்கோடு 10 பிக்சல் என்றால், அதற்கு வெளியே 12 பிக்சல் அகலத்தில் வெள்ளை தெரிய இரண்டாம் கோட்டுக்கு 22 என்று எண் தர வேண்டும். பட்டியலில் மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கும் என்பதால் குறுகிய கோடு மேலும் அகன்ற கோடு கீழுமாக அமைய வேண்டும். வரிசை மாறினால் குறுகிய கோடு காணாமற் போய்விடும்.

தேர்ந்த கைக்கும் பழகாத கைக்கும் உள்ள வேறுபாடு தமிழ் எழுத்தின் சுழிகளில்தான் வெளிப்படுகிறது. வெளிப்புறக் கோடு என்று மென்பொருள் சொல்வது எழுத்தைச் சுற்றியுள்ள வெளியை மட்டும் குறிப்பதன்று. எழுத்தின் உடலுக்குள் அடைபட்ட வெற்றிடமும் அதன் கணக்கில் வெளியே உள்ளதுதான். ஆகவே ண, ன, ஞ, இ, ஐ முதலிய எழுத்துகளின் சுழிகளுக்குள்ளும் கோடுகள் எல்லாத் திசையிலிருந்தும் நுழைந்து நடுவை நோக்கி நெருங்குகின்றன. ஒரு சுழியின் உள்ளகலம் 40 பிக்சல் என்று கொண்டால், அதன் நடுப்புள்ளி விளிம்பிலிருந்து 20 பிக்சல் தொலைவில் இருக்கும். கோடுகளுக்கு 6, 12, 18 என்று எண் தந்தால், சிவப்பும் வெள்ளையும் கறுப்பும் சுழிக்குள் அடுத்தடுத்து நெருக்கியடித்து, நடுவில் 4 பிக்சல் அகலத்துக்குப் பின்புலம் ஒரு புள்ளியாக எட்டிப் பார்க்கும்; தொலைவிலிருந்து காண்போருக்கு அது அழுக்காகவே தெரியும். 10, 22, 34 என்று தந்தாலோ, சிவப்பு வளையத்துக்குள் வெள்ளை நிரம்பி அங்கேயே நின்றுவிடுகிறது. கறுப்புக்குச் சுழிக்குள் இடமே கிடைப்பதில்லை. அகன்ற கோடுகளை இட்டும் சுழி துலங்குவது இதனால்தான். கடையில் எவரும் இதை எண்ணாகச் சொல்வதில்லை. ஸ்லைடரை இழுத்தபடி பெயரிலுள்ள மிகச் சிறிய சுழியையே பார்த்திருந்து, கறுப்பு அதைவிட்டு வெளியேறும் இடத்தில் கையை நிறுத்துகின்றனர். மூன்று சுழி ணகரத்தையும் இரண்டு சுழி னகரத்தையும் சாலையில் விரைவோர் பிரித்தறிவது இந்த நிறுத்தத்தைப் பொறுத்தது.

புள்ளி இன்னொரு சிக்கல். மெய்யெழுத்தின் தலைக்குமேல் நிற்கும் புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையே சிறு இடைவெளி உண்டு. புறக்கோடு அகலும்போது புள்ளியின் வளையமும் எழுத்தின் வளையமும் ஒன்றையொன்று தொட்டு இணைகின்றன. முழுதும் இணைந்தால் குறையில்லை. பாதி இணைந்தால் இரண்டுக்கும் நடுவே பின்புலத்தின் நிறத்தில் ஒரு கீற்று எஞ்சும். அவ்வாறு எஞ்சும் துளைகளை அடைக்க, எழுத்து லேயருக்கு அடியில் ஒரு வெற்று லேயரைச் சேர்த்து, கடைசிக் கோட்டின் நிறத்தைத் தூரிகைக் கருவியால் அத்துளைக்குப் பின்னே தீட்டிவிடுகின்றனர். ஓரிரு நொடிகளில் முடியும் இச்செயல் பாடநூலைப் பார்த்துக் கற்பதன்று. மூத்தவர் அருகில் அமர்ந்து இளையவர் கண்டு கற்பது. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் உள்ள வேறுபாடு அடியிலுள்ள சிறு சாய்கோடு ஒன்றே என்பதால், தடித்த கோடு அச்சாய்கோட்டை விழுங்காதபடி அடிப்பகுதியையும் அவர்கள் தவறாமல் பார்க்கின்றனர்.

கோரல்டிராவில் வேறொரு வகை இடர் உண்டு. பல தமிழ் எழுத்துருக்களில் இகரக் கொக்கியும் மெய்யின் உடலும் தனித்தனி வடிவங்களாக அமைந்து, ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி நிற்கும். ஃபோட்டோஷாப் லேயரின் மொத்த உருவத்தைச் சுற்றிக் கோடிடுவதால் இந்த மூட்டு அங்கே வெளிப்படுவதில்லை. கோரல்டிராவோ ஒவ்வொரு வளைவையும் தனியே சுற்றிவரும் என்பதால், 'கி' என்பதன் உடலுக்குக் குறுக்கே கொக்கியின் கோடு வெட்டிக்கொண்டு ஓடும். எழுத்தினை வளைவுகளாக மாற்றி, வெல்டு என்னும் கட்டளையால் இரண்டையும் ஒன்றாக உருக்கிய பிறகே அங்கே புறக்கோடு இடப்படுகிறது.

எழுத்துருக்களிலும் இதே மரபறிவு தொடர்கிறது. ஒருங்குறித் தமிழைச் சரிவரக் கோக்க இயலாத பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் 'கே' என்று தட்டினால் கொம்பு மெய்யெழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஆகவே கொம்பை முதலிலும் மெய்யை அடுத்தும் தட்டுகின்ற பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களே இத்தொழிலில் வேரூன்றின. இன்றைய பதிப்புகள் ஒருங்குறித் தமிழைச் சரிவரக் காட்டினாலும், பருத்த உடலும் திறந்த சுழிகளும் கொண்ட பழைய எழுத்துருக்களைப் பலர் விடாமல் வைத்திருக்கின்றனர். இதைப் பழைமைப் பற்று என்று சொல்லிவிட முடியாது; நூலின் பக்கத்துக்காக வரையப்பட்ட மெல்லிய எழுத்துருக்கள் மூன்று கோடுகளின் சுமையைத் தாங்குவதில்லை.

நிறத் தேர்வுக்குப் பின்னே அச்சின் காரணமும் உண்டு, வழக்கின் காரணமும் உண்டு. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளால் அச்சாகும் முறையில், சிவப்பு என்பது மஞ்சளும் மெஜந்தாவும் சேர்ந்து உண்டாவது. மஞ்சள் எழுத்துக்குச் சிவப்புக் கோடு இடும்போது மஞ்சள் மை இரண்டுக்கும் பொதுவாகிவிடுவதால், மைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதில் மயிரிழை பிசகினாலும் இடையில் வெள்ளை தெரிவதில்லை. மஞ்சளுக்கு நேரே நீலத்தை வைத்தால் அப்பிசகு உடனே கண்ணில் படும். கட்சிப் பதாகைகளில் எதிரணியின் கொடி நிறச் சேர்க்கை தவறியும் வந்துவிடக் கூடாது என்று கோடுகளின் வரிசையை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்கின்றனர். கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் கறுப்பும் வெள்ளையுமே மிகுதியாக வருகின்றன.

பதாகையின் அளவும் கோட்டினைக் கட்டுப்படுத்துகிறது. 10 அடிக்கு 8 அடி உள்ள ஒன்றை அங்குலத்துக்கு 72 பிக்சல் என்று அமைத்தால் 8,640க்கு 6,912 பிக்சல் வரும். அதில் அரை அங்குலக் கோட்டுக்கு 36 பிக்சல் வேண்டும். ஃபோட்டோஷாப்பின் வழக்கமான கோப்பு வகை ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சலுக்குமேல் ஏற்காது என்பதால், 40 அடி நீளப் பதாகையைச் சுருக்கிய அளவில் வடிவமைத்து அச்சின்போது பெரிதாக்குகின்றனர். திரையில் எழுத்தை மட்டும் இழுத்துப் பெரிதாக்கினால் லேயர் ஸ்டைலாக இட்ட கோடு உடன் வளர்வதில்லை. சிறிய பதாகைக்குச் செய்ததைப் பெரியதற்கு அவசரமாக மாற்றும்போது பருத்த எழுத்தைச் சுற்றி நூலளவுக் கோடு நிற்பதற்குக் காரணம் இதுதான்.

கையால் எழுதிய காலத்தில், எனாமல் வண்ணத்தில் எழுதிய பெயர் காய்ந்த பிறகே மெல்லிய தூரிகையால் புறக்கோடு இழுக்க முடியும்; ஒவ்வொரு கூடுதல் கோடும் மேலும் ஒரு சுற்று உழைப்பையும் காத்திருப்பையும் கேட்டது. அதனால் ஓவியர்கள் ஒரு கோட்டிலும் ஒரு நிழலிலும் நிறுத்திக்கொண்டனர். கணினியில் ஆறாவது கோடும் ஒரு சொடுக்கில் வந்துவிடுவதால் அளவு தவறுவது எளிது. ஐந்து, ஆறு கோடுகள் இட்ட பெயர்களில் எழுத்தைவிடக் கோடே மிகுந்து, பெயர் வண்ணத் திட்டாகக் கரைந்துவிடுகிறது. மூன்றுக்குமேல் போவது பெரும்பாலும் குறைபாடே. பழகிய வடிவமைப்பாளர்களும் அவ்வாறே எண்ணுகின்றனர் என்றாலும், பணம் தருபவர் "இன்னும் ஒண்ணு போடுங்கண்ணே" என்று சொல்லும்போது அவர்களால் மறுக்க இயல்வதில்லை.

பதாகைத் தொழிலின்மீது நியாயமான குறைகள் உண்டு. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சட்டத்துக்குப் புறம்பாக வைக்கப்பட்ட பதாகை சரிந்து விழுந்ததில், இருசக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் ஒருவர் லாரியில் சிக்கி இறந்தார். அதன்பின் உயர்நீதிமன்றத்தின் கண்டிப்பும் அரசின் நடவடிக்கையும் இத்தொழிலை இறுக்கின. அந்த இறுக்கம் தேவையானது. வடிவமைப்பாளர் பதாகையை நடுபவர் அல்லர் என்றபோதிலும், நடுவோர் மீதான நடவடிக்கையில் வேலை குறைவது அவருக்குத்தான். வடிவமைப்பாளர்களிற் சிலர் இன்று யூடியூப் காணொளிகளின் முகப்புப் படங்களுக்குப் பெயர் எழுதுகின்றனர். 1,280க்கு 720 பிக்சலில் செய்து கைபேசியில் விரல் நீளத்துக்குச் சுருங்கும் அப்படங்களிலும், கூட்ட நெரிசலான பின்புலத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் அதே மூன்று கோடுகளே உதவுகின்றன.

பதாகையின் கீழோரத்தில் அச்சகத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். வடிவமைத்தவர் பெயர் பெரும்பாலும் இராது. விழா முடிந்ததும் பதாகை கூரைக்கோ ஆட்டுக்கொட்டகைக்கோ போய்விடும். வன்தட்டு நிரம்பியதும் லேயர்கள் பிரிந்த நிலையிலுள்ள மூலக்கோப்புகள் அழிக்கப்பட்டு, தட்டையான ஜேபெக் படம் மட்டும் மிஞ்சும்; கோடுகளுக்குத் தந்த எண்களையும் லேயர்களின் அடுக்கையும் அதிலிருந்து அப்படியே மீட்க இயலாது. பழைய நூல்களையும் நாடகத் துண்டறிக்கைகளையும் காத்துவரும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற அமைப்புகளும், தமிழ் அச்சு வரலாற்றை ஆராயும் பல்கலைக்கழகத் துறைகளும் இம்மூலக்கோப்புகளைக் கடைகளிலிருந்து இப்போதே கேட்டுப் பெற வேண்டும். தமிழ் எழுத்துரு வரைவோர் தங்கள் எழுத்தின் சுழிகளை முடிவு செய்யுமுன், ஃபிளக்ஸ் கடை ஒன்றில் அரைநாள் அமர்ந்து அவற்றின்மீது மூன்று கோடுகள் இடப்படுவதைப் பார்க்க வேண்டும்.