அப்பாவுக்குக் கிண்டிலா, ஐபேடா?



நத்தார் நெருங்கும்போது உங்களுள் சிலர் கேட்பதுண்டு: "பாதர், அப்பா வாசிப்பதற்கு எதை வாங்கிக் கொடுக்கலாம்?" விலையைப் பார்க்குமுன், அவர் எதை வாசிக்க விரும்புகிறார் என்று கேளுங்கள்.

புதினங்களை மின்னூலாக வாசிப்பவராயின் கிண்டிலே தகும். அதன் திரையில் கருப்பு, வெள்ளைத் துகள்கள் இடம்மாறி எழுத்தாக நிற்கின்றன. பக்கம் புரட்டும்போதே மின்சாரம் முக்கியமாகச் செலவாவதால், ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் தாங்கும். எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கலாம். வரிகள் தாமே ஒழுங்காகிவிடும்.

ஆனால் உங்கள் தந்தை, 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் வாசித்து வளர்ந்தவராயின்? அத்தலைமுறையினர் பலர் தேடுவது, ஊரில் விட்டுவந்த பழைய சஞ்சிகைகளை. நூலகம் இணையத்தளத்தில் அவை ஏராளமாக உள்ளன. எனினும் பெரும்பாலும் ஸ்கான் செய்த பக்கங்கள், அதாவது படங்கள். 6, 7 அங்குலக் கிண்டிலில் அவற்றின் எழுத்து எறும்புபோல் சிறுத்துவிடும். பெரிதாக்கினாலோ ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் இழுக்க வேண்டும். அத்திரையோ மெதுவாகவே மாறும். எழுபது வயதுக் கைகளுக்கும் கண்களுக்கும் அது வாசிப்பன்று, தண்டனை. அவருக்கு 10 அங்குல டேப்லெட்டையே வாங்குங்கள். அது கண்ணை நோக்கி ஒளி வீசும். வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். (பேரப்பிள்ளைகள் அதைப் பறித்துக்கொள்வார்கள் என்பது வேறு வழக்கு.)

கடைக்குப் போகுமுன், அவர் தேடும் சஞ்சிகையின் ஒரு பக்கத்தை உங்கள் கணினியில் திறந்து, மெல்லப் பெரிதாக்கிக் காட்டுங்கள். எந்த அளவில் வாசிக்க முடிகிறதென்று அவரே சொல்வார்.