கையைத் தலைக்கு மேல் தூக்கலாமா?



பழைய மாணவர் ஒருவர் போனில் ஒரு சந்தேகம் கேட்டார். மகனுக்குப் பதினேழு வயது, குத்துச்சண்டை பழகுகிறான். பயிற்சியாளர் அவனை ‘ஓவர்ஹெட் பிரஸ்’ போடச் சொல்கிறார். அதாவது எடைக்கம்பியைத் தோளிலிருந்து தலைக்கு மேலே தள்ளித் தூக்குவது. ஜிம்மில் இன்னொருவர், “சண்டைக்காரனுக்கு அது வேண்டாம், தோள் போயிரும்” என்கிறாராம். “யாரு சொல்லுகதக் கேக்க சார்?” என்றார். உங்கள் பிள்ளைகள் பலரும் கபடி, ஜூடோ, சிலம்பம் என்று இருப்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் நம் பழைய வழியைப் பாருங்கள். தென்மாவட்டத்து இளவட்டக்கல்லைக் குந்தி அணைத்து, தொடைக்கும் நெஞ்சுக்கும் ஏற்றி, தோள் வழியாகப் பின்னால் போடுவார்கள். தோளோடு சரி. காமா பயில்வான் காலத்து மல்லர்களுக்கு தண்டாலும் பைட்டக்கும்தான் அன்றாடச் சாப்பாடு. தலைக்கு மேல் கை போனது பெரும்பாலும் கர்லாக்கட்டையும் கதையும் சுழற்றியபோதுதான். எடையை நேராக மேலே தள்ளுவதை முக்கியப் பயிற்சியாக வைக்காமலே அவர்கள் பலசாலிகளாக இருந்தார்கள். வடசேரிச் சந்தையில் சுமை எடுப்பவர்களும் மூட்டையைக் கையால் மேலே தள்ளுவதில்லை. இன்னொருவர் கைகொடுக்க, கால் பலத்தில் சும்மாட்டின்மேல் ஏற்றிக்கொள்வார்கள்.

அப்படியானால் இந்தப் பயிற்சியே வேண்டாமா? அப்படியும் இல்லை.

கையை முழுக்க மேலே தூக்கும்போது அது 180 டிகிரி போகிறது. அதில் ஏறத்தாழ 120 டிகிரி தோள் மூட்டின் வேலை. மீதி 60 டிகிரி முதுகுப்பக்கத் தோள்பட்டை எலும்பு சுழல்வதால் கிடைப்பது. அந்த எலும்பைச் சுழற்றுவதில் முக்கியமானது விலாவோரம் ரம்பப் பல்போலத் தெரியும் தசை. குத்து விடும்போது கடைசியில் கையை முன்னே தள்ளிக் கொடுப்பதும் அதே தசைதான். ஆகவே பிரஸ் குத்துச்சண்டைக்காரனுக்குச் சம்பந்தமில்லாதது என்று சொல்ல முடியாது. மல்யுத்தத்திலும் ஜூடோவிலும் எதிராளியைத் தூக்க, தாங்க, தள்ள இந்தப் பலம் உதவும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நாள் முழுக்க நெஞ்சைக் குறுக்கி, தோளை முன்னே தள்ளி நிற்கிற பையனுக்கு மேல்முதுகு இறுகிப் போயிருக்கும். கை நேராக மேலே போகாது. அந்தக் குறையை இடுப்பை வளைத்துச் சரிக்கட்டுவான். ஒலிம்பிக் பளுதூக்குதலில் 1972 மியூனிக் வரை ‘பிரஸ்’ தனிப் பிரிவாக இருந்தது. வீரர்கள் பின்னால் சாய்ந்து சாய்ந்து தூக்கியதில் நடுவர்களால் தீர்ப்புச் சொல்லவே முடியாமல் போனது. அதன்பின் அதை எடுத்துவிட்டார்கள். 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வாங்கிய நம் வேலூர் சதீஷ் சிவலிங்கம் தூக்கியதெல்லாம் மற்ற இரண்டு முறைகளில்தான். அவற்றிலும் எடை தலைக்கு மேல்தான் போகிறது. ஆனால் கிளப்பி விடுவது கால்.

ஆக, எளிய சோதனை ஒன்று. சுவரில் முதுகு சாய்த்து நின்று, இரு கைகளையும் மேலே தூக்கச் சொல்லுங்கள். இடுப்பு சுவரை விட்டு விலகாமல் கட்டைவிரல் சுவரைத் தொட்டால் பிரஸ் போடலாம். வாரம் இரண்டு நாள், அளவான எடை, ஐந்தாறு தடவை வீதம் மூன்று செட் போதும். தொடவில்லையென்றால் இப்போதைக்கு வேண்டாம். தண்டால், பாரில் தொங்கி ஏறுவது, எடையை நெஞ்சை நோக்கி இழுப்பது, லேசான கர்லாக்கட்டை என்று சில மாதம் போகட்டும். தள்ளுவதைவிட இழுப்பது கூடுதலாக இருக்கட்டும்.

போட்டி நெருங்கினால் பிரஸ்ஸைத்தான் முதலில் குறைக்க வேண்டும். ஆயிரம் குத்து விட்ட தோளுக்கு அதுவே பாரம். வலி வந்தால் பல்லைக் கடித்துத் தூக்க விடாதீர்கள், பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

மக்களே, பதினேழு வயதில் எவ்வளவு கிலோ தூக்கினான் என்பது நாலு வருடத்தில் யாருக்கும் நினைவிருக்காது. தோள் மட்டும் எழுபது வயது வரை கூடவே வரும்.