கடப்பாரையும் முக்காலியும்

நெம்புகோல், கப்பி, சாய்தளம், ஆப்பு, திருகு, சக்கரமும் அச்சும். எளிய இயந்திரங்கள் ஆறு என்று பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்தும் இருப்போம். இது யாருடைய முதுகைப் பற்றிய பாடம் என்று எந்தப் புத்தகமும் சொல்வதில்லை.

நாங்கள் மாலைநேரப் படிப்பு மையம் நடத்தும் குடியிருப்பில், பெரும்பாலான வீடுகளில் அப்பாவோ அம்மாவோ தூய்மைப் பணியில் இருக்கிறார்கள். மற்றவர்கள் கட்டட வேலைக்குப் போகிறார்கள். நெம்புகோலுக்கு எடுத்துக்காட்டு கேட்டபோது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "எங்கப்பா கடப்பாரையை விட்டு சாக்கடை மூடியை நெம்புவாரு அக்கா" என்றான். ஏற்றப்பலகை, கத்தரிக்கோல் என்று புத்தகம் சொல்லும் விடைகளைவிட நல்ல விடை அது. அன்றைக்கு அதையே கணக்காகப் போட்டோம். தாங்கும் புள்ளிக்கும் பாரத்துக்கும் இடையே 10 செ.மீ., தாங்கும் புள்ளிக்கும் கைக்கும் இடையே 1 மீட்டர் என்றால், 60 கிலோ பாரத்தை நெம்ப 6 கிலோ அளவுக்கு அழுத்தினால் போதும். ஆனால் கை ஒரு மீட்டர் இறங்கினால் பாரம் 10 செ.மீ.தான் எழும்பும். மொத்த வேலையை இயந்திரம் குறைப்பதில்லை. ஒரே மூச்சில் முதுகை முறிக்கும் பாரத்தை நீண்ட தூரத்துக்குப் பிரித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

கிணற்றுக் கப்பியில் அந்த லாபம்கூட இல்லை. ஒற்றைக் கப்பியில் 10 கிலோ வாளிக்கு 10 கிலோ விசைதான் வேண்டும். இழுக்கும் திசை மட்டும்தான் மாறுகிறது. குனிந்து மேலே இழுப்பதற்குப் பதிலாக, நிமிர்ந்து நின்று நம் உடல் எடையையே கயிற்றில் போட்டு கீழே இழுக்கிறோம். நிமிர்ந்து நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று சேரியில் பிறந்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது மலக்குழிக்கு வருவோம். குழிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு, செறிவு கூடும்போது முகரும் உணர்வையே மரக்கச் செய்துவிடும். ஆபத்து மூக்குக்குத் தெரியாமல் போகும். முதலில் இறங்கியவர் மயங்கிச் சாய்வார். அவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குவார், அவரைத் தூக்க மூன்றாமவர். பல சாவுச் செய்திகளில் இரண்டு மூன்று பெயர்கள் சேர்ந்தே வருவது இதனால்தான். அவர்கள் பல நேரம் அண்ணன் தம்பிகளாகவோ மாமன் மச்சான்களாகவோ இருக்கிறார்கள்.

மேலே நிற்பவர் இறங்காமலேயே கீழே கிடப்பவரைத் தூக்க ஒரு கருவி இருக்கிறது. குழிவாயின் மேல் நிறுத்தும் முக்காலி, அதில் கைப்பிடி சுற்றும் உருளை, இறங்குபவரின் உடலோடு பிணைத்த வார்ப்பட்டை. கைப்பிடியின் நீளம் 30 செ.மீ., உருளையின் ஆரம் 5 செ.மீ. என்றால் விசை ஆறில் ஒரு பங்காகக் குறையும். 60 கிலோ மனிதரைத் தூக்க, உராய்வைத் தள்ளிவைத்துப் பார்த்தால், 10 கிலோ அளவு விசை. ஒல்லியான ஒருவர்கூடத் தனியாகச் சுற்றிவிடலாம். இதன் அறிவியல் 2000 ஆண்டுகளுக்கும் பழையது. 2018இல் திருவனந்தபுரத்தில் மலக்குழி சுத்தம் செய்யும் ரோபோவே வந்துவிட்டது, வரவேற்கிறோம். ஆனால் ரோபோவோடு படம் எடுத்துக்கொள்ள வருபவர்கள், அது வந்து சேரும்வரை குழிவாயில் ஒரு முக்காலியாவது நின்றதா என்று கேட்பதில்லை.

முக்காலி இருந்தால் ஆளை இறக்கலாம் என்று நாங்கள் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். யாரும் இறங்கக்கூடாது என்பதே நம் கோரிக்கை. இந்த எச்சரிக்கைக்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1957இல் மத்திய அரசு அமைத்த மல்கானி குழு, மலத்தைத் தலையில் சுமக்கும் கொடுமையை ஒழிக்க வழி தேடியது. அந்தக் காலத்துச் சீர்திருத்தத்தின் முகமாக இருந்தது தள்ளுவண்டி. கூடை தலையிலிருந்து சக்கரத்துக்கு இறங்கியது உண்மை, கழுத்து வலி குறைந்ததும் உண்மை. வண்டியைத் தள்ளிய கைகள் எந்தச் சாதியின் கைகள் என்பது மட்டும் மாறவில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதன் நிழல் உண்டு. அரசு அறிவிக்கும் கருவிகளோடும் பாதுகாப்பு உடையோடும் மலம் அகற்றுபவர் 'கையால் மலம் அள்ளுபவர்' ஆகமாட்டார் என்கிறது அதன் வரையறை. கருவியைக் கொடுத்தால் வேலை எளிதாகும். கணக்கெடுப்பிலிருந்து ஆளையும் எளிதாக நீக்கிவிடலாம்.

அதற்காக இயந்திரமே வேண்டாம் என்பவர்களோடும் நமக்கு ஒட்டாது. இயந்திரத்தைச் சந்தேகித்த காந்தியத்தை அண்ணல் அம்பேத்கர் 1945இல் கடுமையாக விமர்சித்தார். மனிதன் விலங்கு வாழ்க்கையிலிருந்து மீள ஓய்வு வேண்டும், ஓய்வுக்கு இயந்திரம் வேண்டும் என்பது அவர் வாதம். அது யார் கையில் இருக்கிறது, யாருக்குப் பயன்படுகிறது என்பதுதான் கேள்வி. கட்டட வேலையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சும்மாடு வைத்து சாந்துச் சட்டி சுமக்கும் சித்தாளுக்கு ஒற்றைச் சக்கர வண்டி ஒன்று வாங்கித் தர மேஸ்திரிக்குத் தோன்றாது. பெண்ணின் கழுத்து வண்டியைவிட மலிவு. கலவை இயந்திரம் வரும் நாளிலோ அதை இயக்க ஓர் ஆண் வருவார், சித்தாள்களில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது.

சட்டம் படிக்கும் தம்பி, தங்கைகள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 2014இல் உச்ச நீதிமன்றம் மலக்குழிச் சாவுக்கு 10 லட்ச ரூபாய் இழப்பீடு என்றது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. அந்தத் தொகையில் ஒரு சிறு பங்கு போதும், முக்காலி வாங்க. சாவுக்குப் பிறகு இழப்பீட்டுக்காக அலைவதோடு, சாவுக்கு முன்பே தகவல் உரிமை மனு போடுங்கள். எத்தனை முக்காலி இருக்கிறது, எங்கே இருக்கிறது, கடைசியாக எந்தத் தேதியில் வெளியே எடுத்தார்கள் என்று கேளுங்கள். தெருக்கூட்டும் அம்மாக்களின் சீமாற்றுக்குக் குனியாமல் கூட்டும் அளவுக்கு நீண்ட கழி உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நாங்கள் ஓர் ஊரில் கேட்டோம். முக்காலி இருக்கிறது என்று எழுத்தில் பதில் வந்தது. நேரில் போய்ப் பார்த்தபோது கிடங்கின் மூலையில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் சாத்தி வைத்திருந்தார்கள். அந்த ஊரில் 17 ஆண்டுகளாக அடைப்பு எடுக்கும் அண்ணன் ஒருவர் எங்களோடு வந்திருந்தார். உறைமேல் படிந்த தூசியைத் துடைத்துவிட்டு, "இது என்னதும்மா?" என்று கேட்டார்.