யாருடைய எளிமை?

கார் வாங்குவதைப் பற்றி ஒரு குருவானவர் எழுதலாமா என்ற தயக்கத்தோடுதான் இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். தவக்காலத்தைப் பற்றியும் செபத்தைப் பற்றியும் எழுதி வந்த கை, எஞ்சினைப் பற்றியும் காற்றுப்பையைப் பற்றியும் எழுதினால் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் 2025 அக்டோபரில் எங்கள் பங்குக்கு ஒரு கார் வாங்கப் புறப்பட்டபோது, குருமடத்தில் நான்காண்டுகள் படித்த இறையியல் முழுவதும் ஒரு விலைப்பட்டியலின் முன் வந்து நின்றது. ஆகவே எழுதுகிறேன்.

எங்களுடையது மலைப்பங்கு. கீழ்ப்பழனி மலைச்சரிவில் காப்பி, மிளகு, மலைவாழை விளையும் ஊர்கள். ஆறு கிளைப்பங்குகள். பெரிய மருத்துவமனை என்றால் வத்தலக்குண்டு வரையேனும் இறங்கியாக வேண்டும். பங்கின் கார் குருவானவரின் வாகனம் மட்டுமன்று. பிரசவ வலியெடுத்த பெண்ணுக்கும், டயாலிசிஸ் செய்துகொள்ளும் முதியவருக்கும் நள்ளிரவில் கதவு திறக்கும் வண்டி அதுவே. பழைய கார் தளர்ந்துவிட்டது. செப்டம்பர் 22 அன்று சிறிய கார்களின் மீதான ஜி.எஸ்.டி. வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டதும், ‘இப்போது வாங்காவிட்டால் எப்போது?’ என்று பங்குப்பேரவையினர் நெருக்கத் தொடங்கினர். பெட்ரோல் கார்களில் நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1200 சிசி எஞ்சினுக்குள் அடங்குபவற்றுக்கே அந்தச் சலுகை. உயரமான கூரையும் அகன்று திறக்கும் கதவுகளும் உள்ளதால், முதியோரை ஏற்றி இறக்க வாகாக இருக்கும் என்று மாருதியின் வேகன்ஆர் என முடிவாயிற்று. அதுவரை கருத்து வேற்றுமை ஏதுமில்லை. அந்தக் காரில் எதை வாங்குவது என்பதில்தான் எல்லாம் தொடங்கியது.

என் சிறுவயதில் கார் என்றால் கார்தான். ஆயர் வரும் அம்பாசிடருக்கு ஒரே முகம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதும், ஏசி உள்ளது, இல்லாதது என்ற அளவில்தான் மக்கள் பேசிக்கொண்டனர். இன்றோ ஒரே காருக்குள் ஒரு சாதி அடுக்கே உள்ளது. எல்எக்ஸ்ஐ, அதற்கு மேல் விஎக்ஸ்ஐ, அதற்கும் மேல் இசட்எக்ஸ்ஐ, உச்சியில் இசட்எக்ஸ்ஐ பிளஸ். ‘வேரியண்ட்’ என்கிறார்கள். வெளித்தோற்றம் ஏறத்தாழ ஒன்றே. கீழ்ப்படியில் பாட்டுப்பெட்டி இராது. மேலே போகப் போகப் பின்கண்ணாடியைத் துடைக்கும் துடைப்பான் வரும். உச்சியில் அலாய் சக்கரங்களும் தொடுதிரையும் வரும். எங்கள் கையிலிருந்த பட்டியலின்படி கீழ்ப்படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையே ஏறத்தாழ ஓர் இலட்சம். அதற்கும் உச்சிக்கும் இடையே இன்னொரு நாற்பதாயிரத்துக்கு மேல். 2023 நவம்பருக்குப் பின் நம் மாநிலத்தில் வாழ்நாள் வரியும் ஐந்து இலட்சத்துக்குள் 12 விழுக்காடு, அதைத் தாண்டிப் பத்து இலட்சம் வரை 13 என்று ஏறுவதால், படி ஏற ஏற வரியும் கூடவே ஏறும்.

பழைய நானாக இருந்திருந்தால் அன்றே ‘எல்எக்ஸ்ஐ போதும்’ என்று எழுந்து போயிருப்பேன். அதற்கு ஆதாரமும் கைவசம் உண்டு. மறைமாவட்டக் குருக்களாகிய நாங்கள் துறவியரைப் போல ஏழ்மை வார்த்தைப்பாடு தருவதில்லை; எனினும் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 282ஆம் சட்டம் நாங்கள் எளிய வாழ்வைப் பேணவும், வீண் பகட்டின் சாயலுள்ள அனைத்தையும் தவிர்க்கவும் பணிக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2013 ஜூலையில் குருமட மாணவரையும் நவதுறவியரையும் சந்தித்தபோது, குருக்களும் கன்னியரும் புத்தம் புதிய மாடல் காரில் வருவதைக் காண்பது தமக்கு வேதனை தருவதாகச் சொன்னார். பணிக்குக் கார் தேவைதான், ஆனால் தாழ்மையான ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்றார். 2015இல் வாஷிங்டனுக்குச் சென்றபோது, பாதுகாவலரின் பெருங்கார்களுக்கு நடுவே ஒரு சிறிய ஃபியட் 500எல் காரில் அமர்ந்து சென்றதை உலகமே கண்டது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ‘எல்எக்ஸ்ஐ’ என்ற சொல் என் நாவில் எழவில்லை. அதற்குக் காரணம் ஒரு மனிதர்.

2012இல் சமவெளியில் ஒரு பங்கில் இருந்தேன். அங்கும் ஒரு சிறிய கார் வாங்கினோம். எந்த நிறுவனத்தின் கார் என்பது இங்குத் தேவையில்லை. அக்காலத்தில் காற்றுப்பை பெரும்பாலும் உச்சிப்படிக் கார்களுக்கு மட்டுமே வரும். நாங்கள் பார்த்த காரிலும் அப்படியே. கீழ்ப்படிக்கும் அதற்கும் ஓர் இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான வேறுபாடு. பேரவையில் இருந்த ஓர் ஆசிரியர், ‘சாமி, காற்றுப்பை உள்ளதையே எடுப்போம்; ராத்திரியும் பகலும் ஓடுகிற வண்டி’ என்றார். நான் 282ஆம் சட்டத்தை விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன் என்று அன்று நினைத்துக்கொண்டேன். அடிமட்டக் கார் வந்தது. மிச்சமான பணத்தில் லூர்து அன்னை கெபிக்குச் சுற்றுச்சுவர் எழுந்தது. கார் மந்திரிப்பு அன்று மறையுரையில் எளிமையைப் பற்றிப் பேசினேன், கேட்டவர்கள் பாராட்டினார்கள்.

அந்தக் காரை ஓட்டியவர் பெரும்பாலும் நானல்லன், எங்கள் உபதேசியார். இதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. அவருக்குச் சிறந்த குரல். பெரிய வெள்ளியன்று அவர் பாடும் ஒப்பாரியைக் கேட்கப் பக்கத்துப் பங்குகளிலிருந்தும் மக்கள் வருவார்கள். 2013இன் மழைக்காலத்தில் ஓர் இரவு, நோயாளி ஒருவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டுத் தனியே திரும்பி வந்தார். சாலையோரம் பின்விளக்கின்றி ஒரு லாரி நின்றிருந்தது. இருக்கைவார் போட்டிருந்தார், உயிர் பிழைத்தார். ஆனால் ஸ்டியரிங் நெஞ்சில் மோதியதில் நான்கு விலா எலும்புகள் முறிந்து, ஒன்று நுரையீரலைக் குத்தியிருந்தது. நாற்பது நாட்கள் படுக்கை. நடக்கிறார், உழைக்கிறார், பேரப்பிள்ளைகளும் பிறந்துவிட்டனர். பாட மட்டும் முடிவதில்லை. இரண்டாம் அடியிலேயே மூச்சு அறுந்துவிடும்.

அவரோ அவர் மனைவியோ என்னிடம் ஒரு சொல் குறையாகச் சொன்னதில்லை. மருத்துவமனையில் முதல் நாள், ‘வண்டி ரொம்ப அடியா சாமி?’ என்று கேட்டார். அதைவிட அவர் என்னை ஏசியிருக்கலாம்.

சில மாதங்கள் கழித்து, 2014 ஜனவரியில், குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்பனையான ஐந்து சிறிய கார்களைக் காற்றுப்பையில்லாத அடிமட்ட நிலையில் மோதவிட்டுச் சோதித்தது. ஐந்தும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அவற்றுள் ஒன்றான வோக்ஸ்வாகன் போலோவை இரண்டு காற்றுப்பைகளுடன் மறுபடி சோதித்தபோது நான்கு நட்சத்திரங்கள் கிடைத்தன. அச்செய்தியைப் படித்த அன்று நான் கெபிப் பக்கம் போகவில்லை. நான் கடைப்பிடித்த எளிமைக்கு விலை கொடுத்தவர் வேறொருவர். துறப்பதற்கு எனக்கு உரிமையுள்ளது என்னுடையது மட்டுமே. உபதேசியாரின் நெஞ்செலும்பை நான் துறக்க முடியாது. இந்த வேறுபாட்டை ஒழுக்க இறையியல் தேர்வில் கேட்டிருந்தால் நிச்சயம் சரியாக எழுதியிருப்பேன்.

பிறகு சட்டம் விழித்துக்கொண்டது. 2019 ஜூலை முதல் ஓட்டுநருக்கும், 2021 இறுதி முதல் எல்லாப் புதிய கார்களிலும் அருகில் அமர்பவருக்கும் காற்றுப்பை கட்டாயமாயிற்று. இப்போது வேகன்ஆரின் கீழ்ப்படியிலும் ஆறு காற்றுப்பைகள் உள்ளன. உயிர்க்காப்பு பணத்தைப் பொறுத்தது என்ற நிலை இக்காரில் நீங்கிவிட்டது. படிகளுக்கிடையே எஞ்சியிருப்பது வசதியும் அழகும்தான் என்ற நிம்மதியோடு ஷோரூமுக்குப் போனேன்.

அங்கே ஓட்டிப் பார்க்க நிறுத்தியிருந்தது உச்சிப்படிக் கார். கீழ்ப்படியைக் காட்டச் சொன்னபோது, ‘அது ஆர்டர் போட்டால்தான் ஃபாதர் வரும்’ என்றார் விற்பனையாளத் தம்பி. உள்ளே ஏறி அமர்ந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்தத் தொடுதிரை எனக்குப் பிடித்திருந்தது. விரல் பட்டதும் வரைபடம் விரிந்ததில் ஒரு சிறுபிள்ளை மகிழ்ச்சி. மலைப்பாதையில் வழி கண்டுபிடிக்க உதவுமே என்று மனம் உடனே நியாயம் தேடியது. பல ஆண்டுகளாக மலையிலேயே காரோட்டும் எனக்கு எந்த வழி தெரியாது? ஆசைக்குப் பணிவிடை செய்வதில் பகுத்தறிவுக்கு உள்ள சுறுசுறுப்பு வியப்புக்குரியது.

ஆனால் பட்டியலை மறுபடி படித்தபோது, வசதி மட்டுமே வேறுபாடு என்று நான் எண்ணியது பிழை என்று தெரிந்தது. முதல் இரண்டு படிகளுக்கு 998 சிசி எஞ்சின். மேலிரண்டுக்கு 1197 சிசி. சமவெளியில் இது பெரிய செய்தியன்று. எங்கள் ஊர்க் காப்பி வியாபாரி ஒருவரிடம் சிறிய எஞ்சின் கார் உள்ளது. அவரையும் மூவரையும் ஏற்றிக்கொண்டு, ஐந்து பேராக வத்தலக்குண்டிலிருந்து மலையேறிப் பார்த்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியருக்கு இறங்கி, ஏசியை நிறுத்தி, முனகிக்கொண்டே ஏறியது. ஏறிவிட்டது என்பதும் உண்மை. அதே ஏற்றத்தில், மழையில், மூச்சுத் திணறும் ஒருவரைப் பின்னிருக்கையில் சாய்த்துக்கொண்டு, எதிரே இறங்கும் பேருந்துக்கு வழிவிட்டு நின்று மறுபடி கிளப்ப வேண்டியிருந்தால்?

பேரவையில் இதைச் சொன்னேன். மிளகு பறிக்கும் வேலைக்குப் போகும் ஒரு சகோதரி எழுந்து, ‘அந்த ஒரு லட்சத்துக்கு எத்தனை தடவை டயாலிசிஸ்க்கு பெட்ரோல் போடலாம் சாமி?’ என்று கேட்டார். எவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அதற்கு இன்றும் என்னிடம் முழுமையான விடையில்லை. 2012இல் இப்படி ஒரு கேள்வி வந்திருந்தால் கைதட்டி வரவேற்றிருப்பேன். இப்போது அதே கேள்வி என்னைக் குத்தியது.

அச்சமயத்தில்தான் வளைகுடாவில் பணிபுரியும் நம் பங்கு இளைஞர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். மேலே ஆகும் பணம் முழுவதையும் தாமே தருவதாகவும், உச்சிப்படியையே எடுக்கும்படியும் சொன்னார். ஒரு சிறு வேண்டுகோள்: பின்கண்ணாடியில் மறைந்த தம் தந்தையின் பெயர் இருக்க வேண்டும். தந்தை நல்ல மனிதர். மகனின் பாசமும் மெய்யானதே. என்றாலும் நிபந்தனையோடு வரும் காணிக்கையை ஏற்க ஆயரின் இசைவு வேண்டும் என்கிறது 1267ஆம் சட்டம். குறித்த நோக்கத்துக்குத் தரப்பட்டதை வேறொன்றுக்குச் செலவிடவும் அது அனுமதிப்பதில்லை. அலாய் சக்கரத்துக்கென்று தந்ததை அரிசிக்கு மாற்ற வழியில்லை. இதை எழுதி அனுப்பினேன். மூன்று நாள் பதிலில்லை. மனம் நொந்துவிட்டார் போலும் என்று வருந்தினேன். நான்காம் நாள் பணம் வந்தது, பாதியளவு. ‘நோயாளிகளை ஏற்றிச் செல்லும் செலவுக்கு’ என்று மட்டும் குறிப்பிட்டிருந்தார். மிளகுக்காரச் சகோதரியிடம் அதைக் காட்டினேன். கணக்கை மாதாமாதம் பேரவையில் வாசிக்க வேண்டும் என்றார். ஒப்புக்கொண்டேன்.

மூன்றாம் படி, இசட்எக்ஸ்ஐ, வெள்ளை நிறம் என்று பதிவு செய்தோம். தொடுதிரை இல்லை. அதில் எனக்கு இன்னும் ஒரு சிறு வருத்தம் உண்டு.

பதிவு செய்த அன்று மாலை உபதேசியாரை அழைத்தேன். ஆறு காற்றுப்பைகள் என்று சொன்னேன். முன்னால் இரண்டு, பக்கவாட்டில், கூரையோரத்தில் என்று விளக்கிக்கொண்டே போனேன். தேவைக்கு அதிகமாகவே விளக்கினேன். மறுமுனையில் சற்று நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, ‘பாட்டுப்பெட்டி இருக்கா சாமி?’ என்றார்.

இருக்கிறது என்றேன்.

‘அப்போ வண்டி வந்ததும் சொல்லுங்க. மலைக்கு ஒரு நாள் வர்றேன்’ என்றார்.