கைக்குள் ஓர் எலி

எலி என்றதும் நெற்குதிரைத் துளைக்கும் எலியை நினைத்துவிட வேண்டாம். கணிப்பொறிக்குப் பக்கத்தில் கிடக்கும் ‘மவுஸ்’ என்னும் எலியைத்தான் சொல்கிறேன். அமெரிக்காவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பவரின் எண்ணத்தில் பிறந்து, பில் இங்கிலீஷ் என்பவரின் கையால் 1964-இல் மரக்கட்டையில் உருவான கருவி அது. அதைப் பிடித்து ஒருவன் துப்பாக்கிச் சண்டை போடுவான் என்று அவர்கள் கண்டார்களா!

இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவனாகிய நான் சனிக்கிழமைதோறும் பேருந்து நிலையத்தை அடுத்த கணிப்பொறி மையத்தில் அந்தச் சண்டையைப் போடுவேன். மணிக்கு 40 ரூபாய். கல்யாணப் பந்தியில் பரிமாறிச் சேர்த்த காசு. சென்ற பருவத்தில் ஒரு நாள், ஆய்வகத்தில் ஸ்பெக்ட்ரோமீட்டரின் திருகைத் திருப்ப விரல் மறுத்தது. கட்டைவிரலின் அடியில் சுருக்கென்ற வலி. செய்முறைத் தேர்வுக்கு மூன்றே வாரங்கள். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விளையாடிக் கையைக் கெடுத்துக்கொண்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

பழியை எலியின் எடைமேல் போட்டேன். மையத்து எலி 121 கிராம். அதன் வயிற்றில் ஒரு மூடி, உள்ளே 3.6 கிராம் எடைத்துண்டுகள் ஐந்து. ஆக 139 கிராம். கனமிருந்தால் குறி தப்பாது என்று யாரோ சொல்ல, அத்தனையையும் போட்டு வைத்திருந்தார்கள். நியூட்டனின் இரண்டாம் விதியைப் பக்கம் பக்கமாக எழுதிய எனக்கு அது உறைக்கவில்லை. கனம் கூடினால் ஓடவைக்கவும் விசை கூட வேண்டும். சட்டென்று நிறுத்தவும் விசை கூட வேண்டும். விரிப்பின் ஓரத்துக்கு வந்ததைத் தூக்கி நடுவில் வைப்பது தனி வேலை. இப்போது 60 கிராம் அளவிலேயே எலிகள் கிடைக்கின்றன, கனமெல்லாம் விலையில்தான்!

மையத்துக்காரரிடம் கேட்டுத் துண்டுகளை எடுத்துவிட்டு ஆடினேன். கை இலேசாயிற்று. வலி போகவில்லை.

எலியைப் பிடிப்பதில் மூன்று விதம் உண்டு. உள்ளங்கை முழுதும் அதன்மேல் படியவைத்து முழங்கையிலிருந்து நகர்த்துவது ஒன்று. விரல் நுனிகளால் மட்டும் தொட்டு ஓட்டுவது மற்றொன்று. எடை குறைந்தால் அதன் அருமை இதில்தான் நன்றாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவே, பருந்தின் நகம்போல விரல்களை மடக்கிப் பிடிப்பது. நானோ எந்த விதத்திலும் சேராதவன். கை சிறியது, எலி பெரியது. தப்பி ஓடிவிடுமோ என்பதுபோலக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் நசுக்கிக்கொண்டிருந்தேன்.

அதைக் கண்டுபிடித்தவர் கொத்தனாராகிய என் தந்தையார். இரவுச் சாப்பாட்டில் நான் சோறு பிசையத் திணறுவதைப் பார்த்துவிட்டார்.

“கைக்கு என்னடா?”

“ரெக்கார்டு எழுதினேம்ப்பா.”

எழுந்து போய்த் தம் கரண்டியைக் கொண்டுவந்து “பிடி” என்றார். பிடித்தேன். சிரித்தார்.

“இப்படி இறுக்குனா மத்தியானத்துக்குள்ள கை விட்டுப்போயிரும். சாந்தை வீசும்போது மட்டும் இறுக்கு. மத்த நேரம் கரண்டி சும்மா கையில கிடக்கட்டும். பேனாவும் அப்படித்தான்.”

அடுத்த சனிக்கிழமை உள்ளங்கையைப் படியவைத்து, சுடும் நேரம் தவிர மற்ற நேரம் விரல்களைத் தளரவிட்டேன். ஆட்டத்தையும் ஒரு மணியோடு நிறுத்திக்கொண்டேன். தேர்வுக்குள் வலி அடங்கியது. எடை குறைந்ததாலா, பிடி தளர்ந்ததாலா, ஓய்வாலா என்று கேட்டால் விடையில்லை. மூன்றையும் ஒருசேர மாற்றிவிட்டேன். ஆய்வகத்தில் இப்படிச் செய்தால் எங்கள் பேராசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பார்.

ரெக்கார்டு எழுதித்தான் கை வலித்தது என்றே தந்தையார் இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் இந்த மலர் வீட்டுக்கு வந்ததும் ஏழாம் வகுப்புத் தம்பி உரக்கப் படித்துக் காட்டுவானே, அதை நினைத்தால்தான்!