ஆம்ஸ்டர்டாமின் மணற்றொட்டிகள்

ஒல்லாந்தர் என்றவுடன் நம் நாட்டவர்க்குக் கோட்டைகளும் கறுவாவுமே நினைவுக்கு வருவன. அவர்தம் தலைநகராகிய ஆம்ஸ்டர்டாமுக்குச் சென்ற நாமோ, கால்வாய்களைக் கண்டு களித்தபின், குழந்தைகள் விளையாடும் மணற்றொட்டிகளைத் தேடி நடந்தோம். அவற்றுக்கு ஒரு துயரக் கதை உண்டு.

1944-45 மாரிக்காலத்தில், ஜெர்மானியர் பிடியிலிருந்த இந்நகர் பட்டினியால் வாடிற்று, குளிர்காய விறகுமில்லை. நாடு கடத்தப்பட்ட யூதரின் வீடுகள் வெறுமையாய்க் கிடந்தன. அவற்றின் உத்தரங்களையும் படிக்கட்டுகளையும் மக்கள் பெயர்த்தெடுத்து எரித்தனர். சுவர்கள் சரிந்தன. வீட்டுக்குரியவரோ திரும்பவில்லை, நெதர்லாந்து யூதருள் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். போர் ஓய்ந்தபோது, பல் விழுந்த வாய்போல் வீதிகளிடையே வெற்று நிலங்கள் எஞ்சின.

நகரசபையில் பணியாற்றிய ஆல்டோ வான் ஐக் என்னும் இளங் கட்டடக் கலைஞர் இந்நிலங்களைக் குழந்தைகளுக்கு உரிமையாக்கினார். 1947இல் பெர்டல்மான் சதுக்கத்தில் முதலாவது விளையாட்டிடம் அமைந்தது. ‘எங்கள் தெருவுக்கும் ஒன்று வேண்டும்’ என்று மக்கள் சபைக்குக் கடிதம் எழுதலாயினர். 1978 வரையில் எழுநூற்றுக்கும் மேற்பட்டவை எழுந்தன. அகன்ற விளிம்புடைய மணற்றொட்டி, தாவிச் செல்ல வட்டக் கற்கள், தொங்கி ஆட இரும்புக் கம்பிகள்: இவ்வளவே. யானையோ குதிரையோ அங்கில்லை. கம்பி வளைவைக் குதிரையாகவோ கோட்டையாகவோ ஆக்கிக்கொள்வது குழந்தையின் வேலை என விட்டுவிட்டார். வேலியும் அவருக்கு உவப்பன்று. தெருவும் விளையாட்டும் ஒன்றோடொன்று கலக்கவேண்டும் என்பது அவர் கொள்கை.

அவருடைய ஓவிய நண்பர்கள் 1948இல் ‘கோப்ரா’ என்னும் குழுவைத் தோற்றுவித்தவர்கள். குழந்தையின் கைவண்ணத்திலே புதிய உலகின் வித்தைக் கண்டவர்கள் அவர்கள். அவருள் ஒருவரான காரெல் அப்பெல், 1949இல் நகரசபைச் சிற்றுண்டிச்சாலைச் சுவரில் ‘கேட்கும் குழந்தைகள்’ என்னும் ஓவியத்தைத் தீட்டினார். போருக்குப்பின் ஜெர்மனியில் கையேந்தி நின்ற பிள்ளைகளைக் கண்ட நினைவு அது. அக்கண்களின் முன்னே உணவு இறங்கவில்லை என்றனர் அலுவலர். சுவர் மூடப்பட்டது, பத்தாண்டுகள் மூடியே கிடந்தது. வான் ஐக் வெகுண்டு எழுதியும் பயனில்லை. குழந்தைகளுக்கு மணல் கொட்டிய அதே சபைதான் இதனையும் செய்தது! அக்கட்டடம் இப்போது செல்வர் தங்கும் விடுதி. ஓவியம் அங்கேயே இருக்கின்றது.

ரயிலில் ஒரு மணி நேரத்தில் ஹேக் நகரை அடைந்தால், அங்குள்ள கலைக்கூடத்தில் மற்றொரு நண்பர் கான்ஸ்டன்டின் கனவைக் காணலாம். ‘புதிய பாபிலோன்’ என்பது அதன் பெயர். உழைப்பையெல்லாம் இயந்திரம் ஏற்க, மனிதர் விளையாடியே வாழும் நகரம். நிலத்துக்கு மேலே தூண்களில் நிற்கும். 1956 முதல் 1974 வரை அதற்கே உழைத்தார். கம்பியும் கண்ணாடித் தகடும் மின்னும் அம்மாதிரி உருவங்கள் கண்ணைப் பறிக்கின்றன. ஆயினும் அங்கு சமையலறை எங்கே, நோயுற்ற முதியவர் எங்கே கிடப்பார் என்றே நம் மனம் தேடிற்று. கான்ஸ்டன்டும் பிற்காலத்தில் வன்முறையையும் போரையும் வரையத் தொடங்கிவிட்டார். அந்நகரின் ஒரு செங்கல்லேனும் மண்ணில் வைக்கப்படவில்லை.

வான் ஐக்கின் மணற்றொட்டிகளிலும் பெரும்பாலானவை இன்று இல்லை. நிலத்தின் விலை ஏறவே வீடுகள் எழுந்துவிட்டன. அவர் அமைத்த ஏறு கம்பிகள் சில 2013இல் ரைக்ஸ் அரும்பொருளகத் தோட்டத்தில் வைக்கப்பட்டுள்ளன. உள்ளே ரெம்பிராண்டைப் பார்க்கப் பெற்றோர் வரிசையில் நிற்க, வெளியே ஒரு சிறுமி தலைகீழாகத் தொங்கி நம்மைப் பார்த்துச் சிரித்தாள்.