35-க்கு மேலே!

சம்பள பில், பி.எஃப். ஸ்லிப், கரன்ட் பில்... எதில் எந்த எண்ணைக் காட்டினாலும் ஒரே பார்வையில் கூட்டிக் கழித்துச் சொல்லிவிடுவேன். பதினோரு வருஷமாக ஆபீசில் அதுதான் பிழைப்பு. அப்பேர்ப்பட்ட ஆசாமியை ஒரே ஒரு எண் நாலு நாள் தூங்கவிடாமல் செய்தது.

என் மனைவியின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் இருந்தது அது. சி.ஏ. 125 - 62.4. பக்கத்தில், '35 வரை சாதாரணம்' என்று பொடி எழுத்தில். அதற்கும் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு 'எச்'. 'ஹை' என்பதன் சுருக்கமாம்!

அவளுக்கு வயது முப்பத்துமூன்று. ஏழெட்டு மாதமாக மாதவிலக்கு நாட்களில் வயிற்றுவலி. (இதை எழுதுவதற்குள் எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய... கூச்சப்பட்டால் விஷயத்தைச் சொல்ல முடியாதே!) சாதாரண வலி இல்லை, சுருண்டு படுக்கிற வலி. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். ஸ்கேனில் இடது சினைப்பையில் நாலு சென்டிமீட்டருக்கு ஒரு கட்டி. "நீர்க்கட்டி மாதிரிதான் தெரியுது. எதுக்கும் ஒரு பிளட் டெஸ்ட் பார்த்துடலாம்" என்றார்.

இந்த 'எதுக்கும்' இருக்கிறதே... தமிழில் இதைவிடப் பயங்கரமான வார்த்தை கிடையாது சார்.

ரிப்போர்ட் வியாழக்கிழமை சாயந்திரம் செல்போனில் வந்தது. டாக்டரம்மா ஏதோ கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தார். திங்கள் சாயந்திரம்தான் வருவாராம். லேபில் கேட்டால், "டாக்டர்கிட்ட காட்டிக்குங்க சார்."

மறுநாள் ஆபீஸ். எங்கள் ஆபீசில் எல்லா வியாதிக்கும் ஒரு ஸ்பெஷலிஸ்ட் உண்டு. படித்தது பி.காம். நான் சொன்னதும் குரலைத் தாழ்த்தி, "அது கேன்சர் டெஸ்ட்டுல்ல?" என்றார். மத்தியானம் டீ கிளாஸோடு திரும்பி வந்து, "எதுக்கும் அடையாறு போய்ப் பார்த்துடுங்க" என்றார். இன்னொரு 'எதுக்கும்'!

வீட்டிலோ நேர் எதிர். அத்தை போன் போட்டு, "ஒண்ணும் இருக்காதுடி. புன்னைநல்லூர் மாரியம்மனுக்கு மாவிளக்கு போடறதா வேண்டிக்கிட்டிருக்கேன்" என்று மகளுக்குத் தைரியம் சொன்னார்.

அன்று ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே இவள் கேட்டாள்:

"ஏங்க, உங்க ஆபீஸ்காரர் கேன்சர்ங்கறார். எங்கம்மா ஒண்ணுமில்லங்கறாங்க. ரெண்டு பேருக்குமே தெரியாதுதானே?"

"தெரியாது."

"உங்களுக்கு?"

"எனக்கும் தெரியாது."

"அப்பாடா..." என்றாள். வியாழக்கிழமையிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடாதவள், அப்புறம் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டாள்.

தெரியாது என்று ஆன பிறகு, எவ்வளவு தெரியும் என்று பார்க்கலாமே என்று சனிக்கிழமை இரண்டு பேருமாக உட்கார்ந்து படித்தோம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ராபர்ட் பாஸ்ட் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் 1981-ல் கண்டுபிடித்தது இது. சினைப்பைப் புற்றுநோய் செல்களை அடையாளம் காட்டக்கூடிய எதிர்ப்பொருளைத் தேடிக் கொண்டே போனதில் 125-வதாகக் கிடைத்ததாம். அதனால்தான் அந்தப் பெயர். சரி, 35 எங்கிருந்து வந்தது? 1983-ல் 888 ஆரோக்கியமான ஆட்களின் ரத்தத்தைச் சோதித்ததில், நூற்றுக்கு ஒருவருக்குத்தான் 35-ஐத் தாண்டியிருந்தது. அங்கே ஒரு கோடு கிழித்துவிட்டார்கள். ஆக, மனுஷன் கிழித்த கோடுதான்!

அந்தக் கோட்டைத் தாண்ட ஆயிரம் காரணம் இருக்கிறது. கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருந்தால் தாண்டும். கர்ப்பமாக இருந்தாலும் தாண்டும். கல்லீரல் கெட்டாலும், வயிற்றில் காசநோய் வந்தாலும் தாண்டும். வேடிக்கை என்னவென்றால், நிஜமாகவே புற்றுநோய் ஆரம்ப நிலையில் இருக்கிற பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது தாண்டுவதே இல்லை! இங்கிலாந்தில் 50 வயதைத் தாண்டிய 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கு வருஷா வருஷம் இந்த டெஸ்ட் எடுத்து ஒரு உயிராவது கூடுதலாகப் பிழைத்ததா என்றால், இறப்பு குறையவில்லை என்று 2021-ல் முடிவு சொன்னார்கள். மாதவிலக்கு நின்றுபோன வயதில் கட்டியோடு இந்த எண்ணும் ஏறினால் கதை வேறு. அப்போது டாக்டர்கள் சும்மா விடுவதில்லை. முப்பத்துமூன்று வயதில் இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை திருவையாறு பக்கத்தில் அவள் ஊருக்குப் போனோம். சம்பா அறுவடை முடிந்த நேரம். மாமா கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, மூன்று நாளாகக் காவல் இருந்தார். எங்களைப் பார்த்ததும் புலம்பலை ஆரம்பித்துவிட்டார்.

"பாருங்க மாப்ளே, 17 சதவீதம் ஈரப்பதம்னு சட்டம் வச்சிருக்கான். நம்ம நெல்லு 18 காட்டுதாம். 18-ன்னா அது நெல்லு இல்லாம பதராயிடுமா?"

இவள் என்னைப் பார்த்தாள். நான் இவளைப் பார்த்தேன்.

மாமா சொன்னது வாஸ்தவம். 2022 அக்டோபரில் அதே 17-ஐத் தமிழ்நாட்டுக்கு 19 வரை தளர்த்தினார்கள். நெல் என்னவோ அதே நெல்தான். "அப்போ அந்த மிஷினே வேண்டாங்கறீங்களாப்பா?" என்று இவள் சீண்டினாள்.

"அது எப்படி? ஈரமா இருக்கறதைப் பார்க்காம பத்தாயத்துல கொட்டி மூடிட்டா சூடேறிப் பூசணம் பிடிச்சிடுமே. காயவச்சு மறுபடி அளந்து பார்க்கணும்... அவ்வளவுதான். இதுக்கு ஏன் ரெண்டு பேரும் சிரிக்கறீங்க?"

மாமாவுக்கு 62.4 பற்றி அதுவரை சொல்லவில்லை. அங்கேயே வேப்பமரத்தடியில் இவளே சொன்னாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "திங்கக்கிழமை நானும் வரட்டுமா?" என்று மட்டும் கேட்டார். "நெல்லைப் பாருங்கப்பா" என்று சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை கிளினிக்கில் நல்ல கூட்டம். உள்ளே பெஞ்சில் பெண்களும் அவர்களுடைய அம்மாக்களும். புருஷர்கள்? வெளியே பைக்குகளோடு பைக்குகளாக நிற்கிறார்கள். நான் உள்ளே போய் உட்கார்ந்ததும் இரண்டு பாட்டிகள் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்!

இவள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று கேள்வி எழுதிக் கொண்டு வந்திருந்தாள். கேட்பதற்குள் டாக்டரம்மா முந்திக்கொண்டார். "ரத்தம் எடுத்தது பீரியட்ஸ்ல எத்தனாவது நாள்?"

"ரெண்டாவது நாள் டாக்டர்."

"அந்த நாள்ல இது கூடத்தான் காட்டும்."

சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப் போனால் வெறும் வயிறா என்று மூன்று தடவை கேட்கிற லேபில், இதை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி, போகட்டும்.

கர்ப்பப்பையின் உள்பக்கத்துச் சவ்வு போன்ற திசு வேறு இடத்தில் வளர்கிற எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம் என்றார். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிக் கட்டியானால் 'சாக்லேட் சிஸ்ட்' என்று பெயராம். வியாதிக்குப் பெயர் வைத்த புண்ணியவான் யாரோ! "ஆனா நான் சத்தியம் பண்ண மாட்டேம்மா. ஆறு வாரம் கழிச்சு, பீரியட்ஸ் இல்லாத நாளா பார்த்து மறுபடி எடுப்போம். ஸ்கேனும் பார்ப்போம். நடுவுல வயிறு உப்பலா இருந்துக்கிட்டே இருந்தா, ரெண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு ரொம்பின மாதிரி தினமும் இருந்தா, காத்திருக்க வேண்டாம். உடனே வந்துடணும்."

ஆறு வாரம் கழித்து 41.8. கட்டி அதே நாலு சென்டிமீட்டர், வளரவில்லை. ரிப்போர்ட்டில் அந்த 'எச்' மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. டாக்டரம்மா வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

அது ஜூன் கடைசி வாரம். காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். ஜூன் 12-ல் மேட்டூரில் தண்ணீர் திறந்தால் மாமாவுக்குக் குறுவை நடவு அப்போதுதான் வரும். "நடவு முடிஞ்சதும் டெஸ்ட்டுக்குப் போகலாங்க" என்கிறாள். "டெஸ்ட் முடிஞ்சதும் நடவுக்குப் போகலாம்" என்கிறேன். இப்போதைக்கு எங்கள் வீட்டில் சண்டை அதற்குத்தான்.